1098-ஐ அழைப்பதற்கு முன்னும் பின்னும்

இதைத் தேடி வந்து படிக்கிறீர்கள் என்றால், உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு முகம் இருக்கும். முதுகில் கன்றிப்போன தழும்போடு வகுப்புக்கு வரும் நாலாம் வகுப்புப் பையன். எதிர்வீட்டுத் திண்ணையில் மத்தியான வெயிலிலும் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பாட்டி. பூட்டிய அறைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வெளியே வரும் ஒரு வாலிபன். "நமக்கேன் வம்பு" என்று மனம் ஒரு பக்கம் இழுக்கும். "நாம் தப்பாக நினைத்திருந்தால் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடுமே" என்று இன்னொரு பக்கம் இழுக்கும். அதற்குள் நாலு நாள் ஓடிவிடும்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு வரும் அழைப்புகளின் பேரில் ஊர் ஊராகப் போகும் களப்பணியாளர் வேலையில் ஒன்பது வருடம் இருந்தேன். இப்போது விடுதிக் காப்பாளர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமக் குழு உறுப்பினர் என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டை வைத்துத்தான் பேசுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் சட்டம் இதுதான், அலுவலகங்களின் பெயர்தான் கொஞ்சம் மாறும்.

முதலில்: நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை

புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். "உறுதி செய்துகொண்டு அப்புறம் சொல்லலாம்." நானும் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு தலைமை ஆசிரியை தன் பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றிச் சந்தேகம் சொன்னார். சரி, நாமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வோம் என்று இரண்டு நாளில் மூன்று முறை அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். மூன்றாவது முறை அவள் வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலமே யாரோ விசாரிக்கிறார்கள் என்று வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவளைத் தொலைவில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டுபிடிக்க 11 நாள் ஆனது. அந்தப் 11 நாளுக்கு நான்தான் பொறுப்பு.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க வந்த, போக்சோ என்று நாம் சுருக்கிச் சொல்லும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே சொல்ல வேண்டும் என்கிறது. "சொல்லலாம்" இல்லை, "சொல்ல வேண்டும்". மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். பள்ளி, விடுதி, நிறுவனம் ஆகியவற்றின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றிய விஷயத்தை அமுக்கினால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல், சந்தேகம் தவறாகிப் போனாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. இது அதே பிரிவில் இருக்கிறது. பழிவாங்க வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான் தண்டனை, அதிலும் குழந்தைக்கு விலக்கு உண்டு.

ஆகவே உங்கள் கையில் இருக்க வேண்டியது சாட்சி இல்லை. பார்த்ததும் கேட்டதும் போதும்.

எதைப் பார்க்க வேண்டும்

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முழங்கையிலும் காயம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். காது, கன்னம், முதுகு, உள்தொடை, கையின் உட்புறம் ஆகிய இடங்களில் வரும் காயம் பெரும்பாலும் விழுந்து வருவதில்லை. தோசைக் கரண்டியால் சூடு போட்டால் அதன் வடிவம் தோலில் அப்படியே இருக்கும். "வெந்நீர் பட்டுவிட்டது" என்பார்கள். கொட்டிய வெந்நீர் வழிந்த தடத்தோடு இருக்கும், கோடு கிழித்த மாதிரி நேராக நிற்காது.

அடிப்பதைவிடக் கண்ணில் படாதது கவனிக்காமல் விடுவது. திங்கட்கிழமை காலை பள்ளியில் உணவு போடும்போது ஒரு பிள்ளை மட்டும் இரண்டு தட்டு வாங்கி, யாரும் பார்க்காதபோது கொஞ்சம் பையில் போட்டுக்கொள்கிறதா? சனி, ஞாயிறு வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பாலியல் தொல்லை என்றால் உடம்பில் அடையாளமே இல்லாமல் போகலாம். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு, ஒரு குறிப்பிட்ட ஆளோடு வண்டியில் போக மறுப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, வயதுக்கு மீறிய பேச்சு, காரணம் தெரியாமல் கையில் புதுப் பொருளும் காசும். ஆண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். "பையன்தானே, அவனுக்கென்ன" என்ற பேச்சை நான் கேட்காத ஊர் இல்லை. போக்சோவில் பெண் குழந்தை, ஆண் குழந்தை என்ற பேதம் கிடையாது. 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைதான்.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், பார்த்தது, கேட்டது. உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள். "மாமா அடித்திருப்பார் என நினைக்கிறேன்" வேண்டாம். "இடது காதுக்குப் பின்னால் நீலமாக வீங்கியிருந்தது. கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான்" என்று எழுதுங்கள்.

பிள்ளை வாய் திறந்தால்

அநேகமாக நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில்தான் சொல்லும். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத நேரமாகப் பார்த்து. கையில் இருக்கும் வேலையை மெதுவாகத் தொடருங்கள். அதிர்ந்து போனது முகத்தில் தெரிந்தால் பிள்ளை பாதியிலேயே நிறுத்திவிடும்.

முதலில் பெரும்பாலும் ஒரு சத்தியம் கேட்கும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்." பண்ணாதீர்கள். பண்ணிவிட்டு மீறினால், அந்தப் பிள்ளை நம்பிய கடைசி ஆளும் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். "உன்னைப் பத்திரமா வச்சுக்க யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன். வேற யாருக்கும் தெரியாது" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டும் சொல்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

அப்புறம் கேளுங்கள், கிளறாதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது நல்ல கேள்வி. "சித்தப்பாதானே?" என்பது கெட்ட கேள்வி. நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், நீங்கள் சொல்லிக் கொடுத்துத்தான் பிள்ளை சொன்னது என்பார். "ஏன் அப்பவே சொல்லல?" என்பது கேள்வியே இல்லை, அது குற்றச்சாட்டு. சொன்னது போதும் என்று தோன்றியதும் நிறுத்திவிட்டு, "நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்று சொல்லுங்கள். பிள்ளை போனதும் அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். உறுப்புக்கு அது என்ன பெயர் சொன்னதோ அதையே எழுதுங்கள். நாகரிகமாக மாற்றி எழுதினால் அந்தக் குறிப்புக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

சம்பவம் இப்போதுதான் நடந்தது என்றால் குளிப்பாட்டாதீர்கள், உடை மாற்றாதீர்கள். ஏற்கெனவே மாற்றிவிட்டால் கழற்றிய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். நாளாகிவிட்டது என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடாது. தடயம் கிடைக்காவிட்டாலும் சிகிச்சை வேண்டும்.

சம்பந்தப்பட்ட ஆளிடம் போய் நீங்கள் நேரடியாகக் கேட்கவே கூடாது. கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் நீங்கள் சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். பிள்ளை அந்த வீட்டில்தான் அன்று இரவு தூங்க வேண்டும்.

அழைப்பது

1098. பத்து, ஒன்பது, எட்டு. கீழ்நோக்கி எண்ணினால் போதும், பிள்ளைகளுக்கும் மறக்காது. 1996-ல் மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஒரு முயற்சியாகத் தெருப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய எண் இது. நெடுங்காலம் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 2023-ல் அரசே கையில் எடுத்து, அவசர எண் 112-உடன் இணைத்தது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு. பிள்ளைகளே அழைக்கலாம். அழைத்துவிட்டுப் பேசாமல் மூச்சு மட்டும் விடும் அழைப்புகளும் வரும். எங்கள் மையத்தில் அவற்றை உடனே துண்டிக்கக் கூடாது என்பது எழுதாத விதி. நாலாவது தடவைதான் பேச்சு வரும்.

பிள்ளை இந்த நிமிடம் ஆபத்தில் இருக்கிறது, அடி விழும் சத்தம் கேட்கிறது என்றால் முதலில் 112. பள்ளிக்கூடத்தில் நடப்பது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் உண்டு. பள்ளி நிர்வாகத்தின் மேலேயே சந்தேகம் இருக்கும்போது பெற்றோருக்கு அது கைகொடுக்கும். ஆனால் 14417-ல் சொல்லிவிட்டதால் போக்சோ புகார் கொடுத்ததாக ஆகிவிடாது. போலீஸுக்கும் தகவல் போயாக வேண்டும்.

எதிர்முனையில் இருப்பவர் கேட்பது எல்லாம் சாதாரணக் கேள்விகள். பிள்ளைக்கு ஏறக்குறைய என்ன வயது, எங்கே இருக்கிறது, இப்போது யாரோடு இருக்கிறது, நீங்கள் பார்த்தது என்ன. விலாசம் தெரியாவிட்டால் அடையாளம் சொல்லுங்கள். "ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு, மாடியில் குடிநீர்த் தொட்டி" என்று சொன்னதே எங்களுக்குப் பலமுறை கதவு எண்ணைவிட உதவியது. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். சொன்னால் ஒரு வசதி, பிறகு கூப்பிட்டு விவரம் கேட்க முடியும். பேசியவர் பெயரையும் நேரத்தையும் அந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் வருவார்கள், எங்கே போவார்கள்

"சொல்லிவிட்டால் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய் ஹோமில் போட்டுவிடுவார்கள்." அழைக்கத் தயங்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அதோடு குழந்தைகள் நலக் குழு ஒன்று. அலுவலக வட்டாரத்தில் சிடபிள்யுசி என்றுதான் பேசுவார்கள். ஒரு தலைவர், நாலு உறுப்பினர்கள், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட் அமர்வின் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் போய்ப் பார்த்தால் கோர்ட் மாதிரி இருக்காது, கூண்டு கிடையாது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். போலீஸோ களப்பணியாளரோதான் கொண்டுவர வேண்டும் என்றில்லை. அக்கறையுள்ள எந்தக் குடிமகனும் அழைத்து வரலாம், குழந்தை தானாகவே வந்தும் நிற்கலாம். மாதத்தில் 20 நாளாவது குழு கூட வேண்டும். கூடாத நாளில் ஓர் உறுப்பினர் முன்பு நிறுத்தினாலும் செல்லும்.

அதன் பிறகு வீட்டு நிலைமை குறித்து ஒரு சமூக விசாரணை அறிக்கை வரும். 15 நாள் கெடு. அதைப் பார்த்துத்தான் குழு முடிவெடுக்கும். இல்லம் என்பது கடைசி வழி, குடும்பம்தான் முதல் வழி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குடிகார அப்பா, வேலைக்குப் போகும் அம்மா, சாப்பாட்டுக்கு வழியில்லை என்கிற வீட்டில் பிள்ளையைப் பிரிப்பதைவிட, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வாங்கிக் கொடுத்து அம்மாவோடே வைப்பதுதான் முறை. பாட்டி வீட்டில் விடலாம். அடிக்கும் அப்பாவை ஆலோசனைக்கு அனுப்பலாம். இல்லத்துக்கு அனுப்பியே ஆக வேண்டிய பிள்ளைகளும் உண்டு. நான் போன வழக்குகளில் அவை குறைவு.

பாலியல் குற்றம் என்றால் பாதை வேறு. பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும். அங்கே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ எடுக்க வேண்டும். கூடுமானவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், அப்போது சீருடை போட்டிருக்கக் கூடாது. எந்தக் காரணம் சொல்லியும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, அவசர சிகிச்சையை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். "எஃப்ஐஆர் காப்பி இருக்கா?" என்று கேட்டு வாசலில் நிறுத்த முடியாது.

சிஎஸ்ஆர் ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் முதலில் கையில் கிடைப்பது அதுதான். நம் ஆட்கள் அதை எஃப்ஐஆர் என்றே நினைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சிஎஸ்ஆர் என்பது மனு வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். வழக்கு தொடங்குவது எஃப்ஐஆரில். போக்சோவில் எஃப்ஐஆர் போடுவது போலீஸின் விருப்பம் இல்லை, கடமை. புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். வேறு ஸ்டேஷன் எல்லை என்று திருப்பி அனுப்பினால், எல்லை பார்க்காமல் பதிவு செய்யும் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். சென்னை போன்ற நகரம் என்றால் கமிஷனர் அலுவலகம்.

வழக்கு நடக்கும் காலம் முழுக்கக் குழந்தையோடு ஒரு ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் கிடைப்பதில்லை. உணவு, உடை, பயணச் செலவு மாதிரி உடனடித் தேவைக்கும் அந்தக் குழுவே பணம் பரிந்துரைக்க முடியும். இடைக்கால இழப்பீட்டைச் சிறப்பு நீதிமன்றம் தரலாம். இதற்கான மனு எழுத மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும், எண் 15100.

பேசி முடிக்க வருவார்கள்

எஃப்ஐஆர் போட்ட அன்றே பெரியவர்கள் வீடு தேடி வருவார்கள். அதற்கு முன்பே வந்துவிட்டாலும் ஆச்சரியமில்லை. "பொண்ணு பேரு கெட்டுரும். நாளைக்கு யார் கட்டிக்குவா? ரெண்டு குடும்பமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. பேசி முடிச்சிரலாம்." ஒரு தொகை சொல்வார்கள். இன்னும் மோசமாக, அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்பார்கள். போக்சோ வழக்கு சமரசம் செய்துகொள்ளக்கூடிய வழக்கு இல்லை. 18 வயதாகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி தனிக் குற்றம். அதைத் தடுக்கும் அதிகாரி மாவட்டச் சமூக நல அலுவலர். பந்தல் கால் நட்ட பிறகும் 1098-க்குச் சொல்லலாம், தாலி கட்டும் காலையிலும் சொல்லலாம். நாங்கள் அப்படியும் போயிருக்கிறோம். பந்தி முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறோம்.

பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் உண்மையாகவே ஊர் அமைதிக்காகத்தான் வருகிறார்கள். ஆனால் அந்த அமைதிக்கான விலையை ஒரு சிறுமி கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தத் திண்ணையில் யாரும் பேசுவதில்லை. "பெரியவங்க சொல்றது புரியுது. ஆனா இது இப்ப எங்க கையில இல்ல, கோர்ட் கையில இருக்கு" என்று சொல்லி அனுப்புங்கள். வாதாட வேண்டாம்.

இன்னொன்று, போன். பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு, அப்பா பெயர், எதையும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள். "நியாயம் கிடைக்க ஷேர் பண்ணுங்க" என்று பிள்ளையின் முகத்தோடு ஒரு வீடியோ வந்தால் அனுப்பியவருக்கே தனியாகச் சொல்லுங்கள். அடையாளத்தை வெளியிடுவது போக்சோவிலும் குற்றம், இளைஞர் நீதிச் சட்டத்திலும் குற்றம். பிள்ளைகள் இருக்கும் ஆபாசக் காணொளியாக இருந்தால் இன்னும் கவனம். சென்னையில் பதிவான ஒரு வழக்கு மேல்முறையீட்டில் போய், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட படங்களை வைத்திருப்பதையே குற்றமாகப் பார்க்க முடியும் என்று தீர்ப்புச் சொன்னது. "போலீஸுக்குக் காட்டத்தான் நாலு பேருக்கு அனுப்பினேன்" என்பது செல்லாது. யாருக்கும் அனுப்பாமல் நேராகப் புகார் கொடுங்கள்.

வயதானவர்கள்: இங்கே கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்

குழந்தை விஷயத்தில், "சொல்லட்டுமா?" என்று நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெரியவர்கள் அப்படி இல்லை. சுயநினைவோடு இருக்கும் எழுபது வயதுப் பெண்மணி தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உள்ளவர். உயிருக்கு ஆபத்து என்றால் 112-ஐ அழைத்துவிடுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். மற்றபடி முதலில் அவரைக் கேளுங்கள்.

கேட்டால் முதல் பதில் பெரும்பாலும் இதுவாக இருக்கும். "எம் பையன் பேரக் கெடுத்துராத கண்ணு. மாத்திரை மட்டும் வாங்கிக் குடு." அதை மதியுங்கள். மாத்திரை வாங்கிக் கொடுங்கள். அடுத்த வாரமும் போய் உட்காருங்கள். மூன்றாவது, நாலாவது முறைதான், "ஜெயிலுக்கு அனுப்பாம வேற வழி இருக்கா?" என்று அவரே கேட்பார். இருக்கிறது.

14567 என்பது மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. அவர்கள் ஆலோசனை சொல்வார்கள், தேவைப்பட்டால் நேரில் வருவார்கள். அடுத்த படி 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். ஆர்டிஓ ஆபீஸில், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம் வெள்ளைத் தாளில் ஒரு மனு. அவர்தான் அந்தத் தீர்ப்பாயம். வக்கீல் தேவையில்லை. எழுத முடியாதவருக்காக அவர் அனுமதியோடு நீங்கள் எழுதலாம். 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி, தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவு போடலாம். பிள்ளை இல்லாதவர் என்றால், அவர் சொத்தை வைத்திருக்கும் அல்லது அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். பெரியவரைப் பேருந்து நிலையத்திலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டுப் போவது தனிக் குற்றம், மூன்று மாதம் வரை சிறை. அப்படி விடப்பட்டவரைச் சென்னையில் பார்த்தால் போலீஸின் காவல் கரங்கள் அமைப்புக்குச் சொல்லலாம்.

எனக்குத் தெரிந்து பெரியவர்களின் கண்ணீரில் பாதி, பத்திரப் பதிவு அலுவலகத்தில் தொடங்குகிறது. மகன் பேருக்கோ மகள் பேருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த ஆறாவது மாதம் தட்டு தனியாகிவிடும். அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு இதற்காகத்தான் வந்தது. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அவர்கள் பராமரிக்காவிட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கும். நிபந்தனை முக்கியம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனவே எழுதப் போகிறவர்களிடம் நான் சொல்வது, முடிந்தால் எழுதாதீர்கள், உயில் போதும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "உணவு, உடை, மருத்துவம் தந்து ஆயுள் முழுக்கப் பராமரிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டு" என்ற ஒரு வரியை எழுத்தரைச் சேர்க்கச் சொல்லுங்கள். "எங்களுக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்" என்று மகன் சிரித்தாலும் சேருங்கள்.

தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்றொரு சொல் உண்டு. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் தலைமுழுக வைத்து, இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. விருதுநகர்ப் பக்கம் போன காலத்தில், அதைக் கொலை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் மனிதர்களைப் பார்த்தேன். படுக்கைப் புண்ணோடு அம்மாவை வைத்துக்கொண்டு, கூலி வேலைக்கும் போக வேண்டிய மகளிடம் சட்டம் பேசி என்ன பயன்? அந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது வீடு தேடி வரும் நர்ஸ். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்து கொடுங்கள். புகாரைவிட அது அங்கே அதிகம் உதவும்.

பூட்டிய அறைகள்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. வீட்டுக்குள் ஒருவர் மோசமாக நடத்தப்படுகிறார் அல்லது கவனிப்பாரற்று இருக்கிறார் என்று காவல் நிலையத்துக்குத் தெரிந்தால், நிலைய அதிகாரி அதை மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை செய்ய வேண்டும். மாற்றுத்திறனாளி யாராக இருந்தாலும், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் தாசில்தார் போன்ற நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம்.

ஆனால் பூட்டியவர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் இல்லை. வேலைக்குப் போகும் அம்மா, மகன் சாலைக்கு ஓடிவிடுவான் என்ற பயத்தில்தான் பல வீடுகளில் பூட்டுகிறார். அப்படிப்பட்ட வீட்டில் போலீஸை முதல் படியாக வைக்காதீர்கள். 14416-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கான எண் அது, தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று கேட்டு, அன்று அந்த மகனை அழைத்துப் போக ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மருந்து கிடைத்தபின் பூட்டு தானாகத் திறந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். திறக்காவிட்டால் அப்புறம் தாசில்தார், அப்புறம் போலீஸ்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால்

ஒரு வாரம் கழித்தும் அந்தப் பிள்ளை அதே காயத்தோடு வருகிறதா? மறுபடி அழையுங்கள். முதல் அழைப்பின் தேதியைச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கே நேரில் ஒரு மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது வரும். அந்த எண் இருந்தால் கோப்பு மேசையில் தூங்காது. மாநில அளவில் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. ஊராட்சியில் இருப்பவர்கள், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கிராம சபையில் கேளுங்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் குழுக்கள் கேள்வி வந்தால்தான் கூடும். ஆனால் கிராம சபையில் எந்தப் பிள்ளையின் பெயரையும் எடுக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை பிறகு வகுப்புக்குத் திரும்பி வரும். எல்லோரிடமும் பேசுகிற மாதிரியே அவளிடமும் பேசுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சாக்லேட் கொடுக்காதீர்கள். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் மற்றவர்களைக் கேட்கிற மாதிரியே கேளுங்கள்.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு வருடத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். என்றைக்காவது உங்களுக்குச் சாட்சி சம்மன் வரும். அதற்குள் தேதியும் வார்த்தையும் மறந்திருக்கும். அன்றைக்கே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள நீதிமன்றத்தில் அனுமதி உண்டு. எடுத்துக்கொண்டு போங்கள்.